சின்னப் பாகங்களுக்கு சால்டர் வைப்பது: கை நடுக்கத்தை விடுங்கள், ஃப்ளக்ஸைக் கவனியுங்கள்

0603 அளவு ரெசிஸ்டரின் நீளம் 1.6 மி.மீ., அகலம் 0.8 மி.மீ. முதல் தடவை பார்க்கிற யாருக்கும் இதைக் கையால் வைக்க முடியுமா என்ற சந்தேகம் வரும். முடியும். வீட்டு மேசையில் வெப்பக் கட்டுப்பாடு உள்ள சாதாரண சால்டரிங் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு, 0.5 மி.மீ. இடைவெளியில் கால்கள் உள்ள ஐசி (சில்லு) வரைக்கும் தாராளமாகப் போகலாம்.

கை நடுங்குமே என்றுதான் பலர் தயங்குகிறார்கள். நடுக்கம் இங்கே இரண்டாம் பட்சம். உருகிய சால்டர் சுத்தமான உலோகத்தைக் கண்டால் தானாகப் பரவி ஒட்டிக்கொள்ளும். போர்டின் மேல் பூசியிருக்கும் பச்சை மாஸ்க்கில் ஒட்டாது. எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்பதைப் பரப்பு இழுவிசையே பார்த்துக்கொள்கிறது. நம் வேலை மூன்றுதான்: உலோகத்தை ஆக்சைடு இல்லாமல் வைப்பது, போதுமான வெப்பத்தைச் சீக்கிரம் கொடுப்பது, கொடுத்ததும் விலகுவது. இதில் முதல் வேலையைச் செய்வது ஃப்ளக்ஸ், அதாவது ஆக்சைடை நீக்கும் பொருள். சின்னப் பாகங்களில் தவறிப்போகும் இணைப்புகளில் பெரும்பாலானவை ஃப்ளக்ஸ் போதாமல் தவறியவை என்பது என் உறுதியான கருத்து.

அளவுகளும் ஒரு குழப்பமும்

0805, 0603, 0402 என்பவை அங்குலக் கணக்கு. 0603 என்றால் 0.06 அங்குல நீளம், 0.03 அங்குல அகலம். 1206 என்பது 3.2 × 1.6 மி.மீ., 0805 என்பது 2.0 × 1.25 மி.மீ., 0402 என்பது 1.0 × 0.5 மி.மீ. இதே பாகங்களுக்கு மெட்ரிக் பெயரும் உண்டு. அங்குலக் கணக்கில் 0603 ஆக இருப்பது மெட்ரிக்கில் 1608. மெட்ரிக் 0603 என்பதோ 0.6 × 0.3 மி.மீ. மட்டுமே உள்ள வேறு பாகம். அங்குலக் கணக்கில் அதன் பெயர் 0201. ஆர்டர் போடும் முன் மி.மீ. அளவைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். 0201 பாகம் நூறு வந்து இறங்கினால் கையால் ஒன்றும் செய்ய முடியாது.

பழக 1206-இல் தொடங்கி 0805-க்கு வந்தால் போதும். நீங்களே போர்டு வடிவமைக்கிறீர்கள் என்றால் 0805 அல்லது 0603-ஐத் தேர்ந்தெடுங்கள். இடம் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் மட்டும் 0402. போர்டு வடிவமைக்கும் கீகேட் மென்பொருளின் ஃபுட்பிரின்ட் (பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) தொகுப்பில் ‘ஹேண்ட்சால்டர்’ என்று முடியும் பெயர்கள் இருக்கும். அவற்றில் பேட் (பாகம் ஒட்டும் செம்புத் திட்டு) வழக்கத்தைவிட நீளம், டிப்பை (அயர்னின் முனையை) வைக்க இடம் கிடைக்கும். வேலையில் பாதியை அந்தக் கூடுதல் நீளமே குறைத்துவிடுகிறது.

டிப், வெப்பம், சால்டர் கம்பி

சின்னப் பாகத்துக்கு ஊசி போன்ற கூர் டிப்தான் சரி என்று தோன்றுவது இயல்பு. அது தவறான தேர்வு. டிப் தொடும் பரப்பு வழியாகத்தான் வெப்பம் பேடுக்குப் போகிறது. ஊசி முனை தொடும் பரப்பு மிகக் குறைவு, அதன் மெல்லிய கழுத்தில் வெப்பம் மெதுவாகத்தான் நகரும். முனையில் சால்டரும் நிற்காது. மேலே ஏறி ஓடிவிடும். 1.5 முதல் 2.4 மி.மீ. அகலமுள்ள உளி டிப்பை வாங்குங்கள். பாகத்தைவிட டிப் அகலமாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், உளியின் ஒரு மூலையை மட்டும் பயன்படுத்தலாம். நிறைய கால்கள் உள்ள ஐசிக்குக் கத்தி வடிவ டிப் அல்லது சாய்வாகச் சீவிய டிப் கூடுதலாக ஒன்று இருந்தால் போதும்.

63/37 சால்டர், அதாவது 63 சதவீதம் தகரமும் 37 சதவீதம் ஈயமும் கலந்தது, 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஸ்டேஷனை 320 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். ஈயமில்லாத எஸ்ஏசி305 உருகுவது 217 முதல் 220 டிகிரிக்குள். அதற்கு 350 முதல் 380 வரை. உருகுநிலையைவிட இவ்வளவு அதிகம் வைப்பதற்குக் காரணம், டிப் பேடைத் தொட்ட நொடியில் அதன் சூடு இறங்கிவிடுவதுதான்.

உருகவில்லை என்றதும் 420, 450 என்று ஏற்றுவது பெரும்பாலானோர் செய்கிற தவறு. அந்தச் சூட்டில் ஃப்ளக்ஸ் தன் வேலையைச் செய்யும் முன்பே கருகிவிடும், டிப் கறுத்துவிடும், பேடைப் போர்டோடு பிடித்திருக்கும் பசை இளகி பேட் பெயரும். உருகாததற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டிப் ஆக்சைடு படிந்து கறுத்திருக்கும். அல்லது அந்த பேட் கிரவுண்ட் செம்புப் பரப்போடு நேரடியாக இணைந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். முதலாவதற்கு டிப்பைச் சுத்தம் செய்து புது சால்டர் பூச வேண்டும். இரண்டாவதற்குப் பெரிய டிப் மாட்ட வேண்டும், முடிந்தால் போர்டை அடியிலிருந்து 100 டிகிரி வாக்கில் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். எண்ணை ஏற்றுவது கடைசி வழி.

டிப்பின் உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. அரம் போட்டாலோ மணல்தாள் தேய்த்தாலோ அந்தப் பூச்சு போய்விடும். பிறகு உருகிய சால்டர் செம்பைக் கரைத்து டிப்பில் குழி விழும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்தால் போதும். அணைக்கும் முன் முனை முழுக்க சால்டர் பூசிவிட்டு அணையுங்கள். அடுத்த முறை ஏற்றும்போது கறுப்பு இருக்காது.

கம்பி 0.5 மி.மீ. தடிமன், 0.3 இருந்தால் இன்னும் நல்லது. 0.8 மி.மீ. கம்பியில் தொட்ட மாத்திரத்தில் 0603 பேடுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இறங்கிவிடும். 60/40-ஐவிட 63/37 நல்லது: திரவத்திலிருந்து நேராகத் திடமாகிறது, இடையில் கூழ் நிலை கிடையாது. 60/40 முழுதாக உருக 190 டிகிரி வாக்கில் ஆகும், 183-இல்தான் முழுதாக உறையும். அந்த இடைவெளியில் பாகம் அசைந்தால் இணைப்புக்குள் விரிசல் விழும். ஈயமில்லாத சால்டரின் மேற்பரப்பு மங்கலாக இருப்பது அதன் இயல்பு, அதைக் கெட்ட இணைப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சூடேற்றாதீர்கள்.

ஈயத்தைப் பற்றி. சால்டர் வைக்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகச் சொற்பம். அது உடலுக்குள் போவது விரல் வழியாக, வாய்க்கு. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், மேசையில் சாப்பிடாதீர்கள், கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்காதீர்கள். கண்ணில் படும் புகை ரோசின் ஃப்ளக்ஸின் புகை. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். சின்ன விசிறி ஒன்று புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்கிற மாதிரி வையுங்கள். போர்டின் மேல் காற்று அடிக்கிற மாதிரி வைத்தால் இணைப்பு குளிர்ந்துவிடும், பாகமும் பறந்துவிடும்.

ஃப்ளக்ஸ்

கம்பிக்குள் ஃப்ளக்ஸ் இருக்கிறதே, தனியாக எதற்கு? கம்பியில் இருக்கும் ஃப்ளக்ஸ் சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். பெரிய பாகங்களில் கம்பியும் டிப்பும் ஒரே நேரத்தில் இணைப்பைத் தொடுவதால் அது போதுமானது. சின்னப் பாகங்களில் ஒரு கையில் ட்வீசர், மறு கையில் அயர்ன். சால்டரை டிப்பில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அது பேடுக்குப் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்த ஃப்ளக்ஸ் செத்துவிடும். ஆகவே ஃப்ளக்ஸ் பேடின் மேல் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும்.

ஊசிக்குழலில் வரும் ஜெல் வகையை வாங்குங்கள். ரோசின் வகையோ நோ-க்ளீன் (கழுவத் தேவையில்லை என்று விற்கும்) வகையோ, எலக்ட்ரானிக்ஸுக்கு என்று குறிப்பிட்டது. தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் ஜிங்க் குளோரைடு பேஸ்ட்டை போர்டின் பக்கம் கொண்டுவரவே கூடாது. அது அமிலத்தன்மை உள்ளது, செம்புத் தடத்தை அரித்துவிடும்.

ஃப்ளக்ஸ் தீர்ந்ததைக் கண்ணால் அறியலாம். டிப்பை எடுக்கும்போது சால்டர் கூராக வால் விட்டு நிற்கும். மேற்பரப்பு சொரசொரப்பாகும். இரண்டு கால்களுக்கு இடையே பாலம் போட்டுக்கொண்டு, எத்தனை முறை தொட்டாலும் பிரியாது. அந்த நேரத்தில் கை சால்டர் கம்பியைத்தான் தேடும். கம்பியை விட்டுவிட்டு ஜெல்லை எடுங்கள். ஒரு சொட்டு வைத்து மறுபடி தொட்டால், அரை நிமிடம் படுத்திய இணைப்பு ஒரு நொடியில் பளபளவென்று படிந்துவிடும்.

இரண்டு முனைப் பாகங்கள்

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். இரண்டு பேடிலும் ஜெல் தடவுங்கள். வலது கைக்காரர் வலது பேடில் மட்டும் கொஞ்சம் சால்டர் வையுங்கள், இடது கைக்காரர் இடது பேடில். இரண்டிலும் வைத்துவிடாதீர்கள், மறுபக்கத்து மேட்டில் பாகம் ஏறி உட்கார்ந்து சாய்ந்துவிடும். பாகத்தை ட்வீசரால் பிடித்துப் போர்டை ஒட்டியபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேடில் உள்ள சால்டரை உருக்கி, பாகத்தைக் கிடைமட்டமாக நகர்த்தி உள்ளே விடுங்கள். மேலிருந்து இறக்க வேண்டாம். முதலில் அயர்னை எடுங்கள். ட்வீசரை எடுக்க இன்னொரு நொடி பொறுங்கள். கோணலாக இருந்தால் அந்த ஒரு முனையை மட்டும் மறுபடி உருக்கி நேராக்கலாம். மறுமுனை இன்னும் ஒட்டவில்லை என்பதால் எத்தனை முறையும் திருத்திக்கொள்ளலாம். நேரானதும் மறுமுனைக்கு சால்டர் வையுங்கள். பிறகு முதல் முனைக்குத் திரும்பி, ஜெல் கொஞ்சம் தொட்டு மறுபடி உருக்கிவிடுங்கள். முதலில் வைத்தது பிடிமானத்துக்காக மட்டுமே.

ஒவ்வொரு இணைப்புக்கும் 1 முதல் 3 நொடி போதும். நல்ல இணைப்பின் பக்கவாட்டு, பாகத்தின் முனையிலிருந்து பேடுக்கு உள்வளைவாகச் சரியும். உருண்டையாக உப்பி நின்றால் சால்டர் அதிகம், அல்லது பேடில் ஒட்டாமல் பாகத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது வகை ஆபத்தானது, பார்க்க முழுதாகத் தெரியும், மின்சாரம் போகாது.

செராமிக் கெப்பாசிட்டரில் கூடுதல் கவனம் வேண்டும். டிப்பால் அதன் உடலைத் தொடாதீர்கள். பேடைச் சூடேற்றி, சால்டர் வழியாக வெப்பம் ஏறட்டும். திடீர்ச் சூட்டில் அதன் அடுக்குகளுக்குள் விரிசல் விழும். வெளியே ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து ஷார்ட் ஆகும்போதுதான் தெரியவரும். கழற்றிய செராமிக் கெப்பாசிட்டரை மறுபடி பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அவற்றின் உடலில் எந்த எண்ணும் அச்சிட்டிருக்காது என்பதையும் மறக்காதீர்கள்: ஒரு மதிப்பை அது அடைத்து வரும் டேப்பிலிருந்து எடுத்து, அந்த மதிப்புள்ள இடங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த டேப்பைத் திறக்க வேண்டும்.

ட்வீசர் காந்தம் ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நிக்கல் பூசிய முனைகள் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

துருவம் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. டயோடில் கோடு போட்ட பக்கம் கேத்தோடு. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையில் உள்ள கறுப்புப் பட்டை நெகட்டிவ். சிப் வடிவ டான்டலம் கெப்பாசிட்டரில் உள்ள பட்டையோ பாசிட்டிவ். டான்டலத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால் மின்சாரம் கொடுத்ததும் வெடித்துத் தீப்பிடிக்கக்கூடும். எல்இடியில் குறியிடும் முறை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து எரிய விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஐசி

ஐசியின் உறை வகைக்கு ஏற்பக் கால் இடைவெளி மாறும்: எஸ்ஓஐசியில் 1.27 மி.மீ., டிஎஸ்எஸ்ஓபியில் பெரும்பாலும் 0.65, டிக்யூஎஃப்பியில் 0.5 அல்லது 0.8. இடைவெளி எதுவானாலும் முறை மாறாது. முதல் கால் எது என்று போர்டிலும் ஐசியிலும் பார்த்த பிறகே கையில் எடுங்கள். மூலைப் பேட் ஒன்றில் சால்டர் வைத்து, ஐசியை வைத்து அந்தக் காலை மட்டும் ஒட்டுங்கள். இப்போது லென்ஸில் நான்கு பக்கமும் பாருங்கள். எல்லாக் கால்களும் பேடின் நடுவில் இருந்தால் எதிர் மூலைக் காலை ஒட்டுங்கள். மறுபடி ஒருமுறை பாருங்கள். நேரத்தையெல்லாம் இந்த இடத்தில் செலவழியுங்கள். நான்கு பக்கமும் ஒட்டிய பின் அயர்னால் ஐசியை நகர்த்த முடியாது.

பிறகு ஒரு வரிசைக் கால்கள் முழுக்க ஜெல்லைத் தாராளமாகப் பரப்புங்கள். கத்தி டிப்பில் கொஞ்சம் சால்டர் எடுத்து, கால்களின் நுனி பேடைச் சந்திக்கும் இடத்தில் தொட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக, அழுத்தாமல் இழுத்துக்கொண்டு வாருங்கள். டிப்பில் இருக்கும் சால்டர்த் துளி ஒவ்வொரு காலுக்கும் தேவையானதை விட்டுவிட்டு மீதியோடு நகரும். கடைசி இரண்டு கால்களில் மீதி தேங்கிப் பாலம் விழுவது சகஜம். டிப்பைப் பித்தளைச் சுருளில் துடைத்துவிட்டு, பாலத்தில் ஜெல் வைத்து, வெறும் டிப்பால் கால்களின் நீளவாக்கில் வெளியே இழுத்தால் மிச்ச சால்டர் டிப்புக்கு வந்துவிடும்.

அதிலும் போகாத பாலத்துக்குத்தான் டீசால்டரிங் விக். பின்னிய செம்புப் பட்டையான அதைச் சுருளோடு பிடித்தால் மொத்தச் செம்பும் வெப்பத்தை உறிஞ்சிவிடும், 2 செ.மீ. துண்டு வெட்டி ட்வீசரால் பிடியுங்கள். அதிலும் ஜெல் தொடுங்கள். மேலிருந்து டிப்பை வைத்து, சால்டர் ஏறியதும் விக்கையும் டிப்பையும் ஒன்றாகத் தூக்குங்கள். டிப்பை முதலில் எடுத்தால் விக் பேடோடு உறைந்துவிடும், அதை இழுக்கும்போது பேடும் சேர்ந்து வந்துவிடும். முன்னும் பின்னும் தேய்க்கவும் கூடாது.

பாலம் சில சமயம் கால்களின் பின்பக்கம், ஐசி உடலை ஒட்டி ஒளிந்திருக்கும். நேர்மேலிருந்து பார்த்தால் தெரியாது. 10 மடங்கு லென்ஸைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒட்டாத காலைக் கண்டுபிடிக்க, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பார்த்தால் போதும்: ஒட்டாதது அசையும்.

அடிவயிற்றில் பேட் உள்ள க்யூஎஃப்என் வகைக்கு அயர்ன் போதாது, ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டும். நடுப் பேடில் மெல்லிய பூச்சாக மட்டும் சால்டர் வையுங்கள். அதிகமானால் ஐசி அதன்மேல் மிதந்து, ஓரப் பேடுகள் எட்டாமல் போகும். போர்டை முதலில் தூரத்திலிருந்து ஒரு நிமிடம் பொதுவாகச் சூடேற்றிவிட்டு, 320 முதல் 350 டிகிரியில், காற்றைக் குறைத்து வைத்து நெருங்குங்கள். சால்டர் உருகியதும் ட்வீசர் நுனியால் ஐசியின் விளிம்பை மிக லேசாகத் தட்டினால், நகர்ந்து தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். அப்படி வந்தால் எல்லா பேடும் உருகிவிட்டன என்று பொருள்.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

இரண்டு முனைப் பாகத்தைக் கழற்ற, ஜெல் வைத்து இரு முனையிலும் சால்டரைக் கூட்டி, அகலமான டிப்பால் இரண்டையும் ஒன்றாகச் சூடேற்றிப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ட்வீசரால் மேலே இழுக்காதீர்கள், ஒரு முனை உருகாமல் இருந்தால் பேட் பெயர்ந்துவிடும். ஐசியைக் கழற்ற பிஸ்மத் கலந்த தாழ் உருகுநிலை சால்டர் உதவும். வேலை முடிந்ததும் அதை விக்கால் மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். ஈயம், தகரம், பிஸ்மத் மூன்றும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகும். சூடாகும் பாகத்தின் அடியில் அது இருந்தால் இணைப்பு தானாக விட்டுவிடும்.

பேட் பெயர்ந்துவிட்டால் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் பேடுக்கு வரும் தடத்தின் மேல் உள்ள மாஸ்க்கை பிளேடால் 2 மி.மீ. சுரண்டி, சால்டர் பூசி, 0.1 முதல் 0.2 மி.மீ. எனாமல் கம்பியை அங்கிருந்து பாகத்தின் முனைக்கு இணைத்துவிடலாம். கம்பி அசையாமல் ஒரு சொட்டு பசை வைத்துவிடுங்கள்.

நோ-க்ளீன் என்று பெயர் இருந்தாலும், முழுதாகச் சூடேறிய ஃப்ளக்ஸ் மட்டுமே செயலிழந்து அமைதியாக இருக்கும். ஐசிக்கு அடியில் சூடு படாமல் தேங்கிய ஜெல் அப்படி இல்லை. கசிவு மின்னோட்டத்துக்கு வழி விடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் கரைந்த ஃப்ளக்ஸ் போர்டு முழுக்கப் பிசுபிசுப்பாகப் பரவும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அயர்னை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலை.

மின்சாரம் கொடுக்கும் முன் சப்ளை பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் எங்கோ பாலம் இருக்கிறது. ஷார்ட் இல்லையென்றால், மின்னோட்ட வரம்பு உள்ள பவர் சப்ளையில் 50 முதல் 100 மில்லிஆம்பியர் வரம்பு வைத்து முதல் முறை இயக்குங்கள். ஷார்ட் இருந்து, லென்ஸிலும் சிக்கவில்லை என்றால், அந்தத் தடத்துக்கு 1 வோல்ட்டுக்குள் கொடுத்து, வரம்பை 0.5 முதல் 1 ஆம்பியருக்கு உயர்த்தி, போர்டின் மேல் ஆல்கஹாலை மெல்லிய படலமாகத் தடவிப் பாருங்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் வெப்பம். அந்த இடத்தில் விரிசல் விட்ட செராமிக் கெப்பாசிட்டரோ, ஐசிக் கால்களுக்குப் பின்னால் ஒளிந்த பாலமோ இருக்கும். சப்ளையை நிறுத்தி, ஆல்கஹால் முழுதும் காய்ந்த பிறகு அயர்னை ஏற்றுங்கள்.